"பீங்கான் உடையாதா, ஐயா?"



சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை வேளையில் எலும்பு சிகிச்சை வார்டில் நோயாளிகளைச் சந்தித்து வந்தோம். மறுநாள் இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த ஒரு தாயார் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். ஜெபிப்பதற்கு முன் அவருக்கு ஒரு கேள்வி இருந்தது.

"ஐயா, எனக்குப் பீங்கான் உருண்டை வைக்கப்போறாங்களாம். பீங்கான் தட்டு கைதவறி விழுந்தாலே சுக்குநூறாப் போகுதே. இது உள்ளே இருந்துக்கிட்டு உடையாதா?"

வேதக் கல்லூரியில் எங்களுக்கு எபிரெயமும் கிரேக்கமும் கற்றுக்கொடுத்தார்கள். பீங்கானைப் பற்றி ஒருவரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆகவே, "டாக்டரைக் கேட்டுச் சொல்கிறோம் அம்மா" என்று சொல்லி ஜெபித்துவிட்டு வந்தோம். அன்று இரவே எலும்பு அறுவை நிபுணரைக் கண்டு கேட்டோம். "இது வெறும் பீங்கான் இல்லை ஐயா. வேறொரு பொருளின் நுண்ணிய துகள்களைக் கலந்து சுட்டது. விரிசல் விழுந்தாலும் அது மேலே ஓடாதபடி அந்தத் துகள்கள் தடுத்துவிடும்" என்றார். அதைத் தாயாரிடம் சொன்னோம். அவர் தலையை ஆட்டினாரே தவிர, முழுவதும் சமாதானம் அடைந்ததாகத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. பொடி கலந்தால் பீங்கான் எப்படி உடையாதிருக்கும்?

அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து சில புத்தகங்களைப் படித்தோம். விவரம் தெரிந்தவர்களைக் கேட்டோம். தாயாரின் இடுப்புக்குச் சொல்லப்பட்ட அதே பரிகாரம், இழைகளோடு சேர்ந்து, இன்று ஆகாய விமானங்களின் எஞ்சின்களில் பயன்படுகிறது என்று அறிந்தோம். விண்ணிலிருந்து திரும்பி வந்த ஏழு பேரின் உயிர், இத்தகைய பொருளில் உண்டான ஒரு உடைப்பினால் போயிற்று என்பதையும் அறிந்தோம். நாங்கள் அறிந்துகொண்டதை இயன்ற மட்டும் எளிமையாக இங்கே எழுதுகிறோம்.

பீங்கான் ஏன் உடைகிறது?

செராமிக் என்னும் சொல்லுக்குள் மண்பானையும் அடங்கும், கத்தி தீட்டும் சாணைக்கல்லும் அடங்கும். களிமண்ணைச் சுட்டால் பானை. அலுமினியமும் பிராணவாயுவும் சேர்ந்த வெண்மையான பொருள் அலுமினா. சிலிகானும் கரியும் சேர்ந்தது சிலிகான் கார்பைடு. சாணைக்கற்களிலும் சிலவகை உப்புத்தாள்களிலும் உள்ள கருமையான பொடி இதுதான். இவை யாவும் மிகக் கடினமானவை. துருப்பிடிப்பதில்லை. இரும்பு இளகிப்போகும் வெப்பத்திலும் தங்கள் வடிவத்தை இழப்பதில்லை.

இத்தனை நற்குணங்களோடு ஒரே ஒரு குறை உண்டு. திடீரென்று உடைந்துவிடும். சமையலறைக் கரண்டியை வளைத்தால் வளைகிறது. பீங்கான் கரண்டியை வளைத்தால் முறிகிறது. உலோகத்தில் ஒரு கீறல் இருந்தால், கீறலின் நுனியில் உள்ள உலோகம் சற்றே இளகிக் கொடுத்து அந்தப் பாரத்தைப் பரவலாக்கிக்கொள்கிறது. செராமிக்கிற்கு விட்டுக்கொடுக்கத் தெரியாது. ஆகவே முழுப் பாரமும் கீறலின் நுனியில் வந்து குவிகிறது. துணிக்கடையில் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் துணியின் ஓரத்தில் கத்தரிக்கோலால் ஒரு சிறு வெட்டு வெட்டுவார். பிறகு இரு கைகளாலும் இழுத்தால் துணி நேராகக் கிழிந்துபோகும். அந்தச் சிறு வெட்டு இல்லாமல் வெறுங்கையால் அதைக் கிழிப்பது கடினம்.

ஏ. ஏ. கிரிஃபித் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர் 1921ல் இதை விளக்கினார். கண்ணாடி, அதன் கணக்குப்படி இருக்கவேண்டிய வலிமையில் ஒரு சிறு பங்கோடுதான் இருக்கிறது. காரணம், கண்ணுக்குத் தெரியாத கீறல்கள். அவர் கண்ணாடியை உருக்கி மெல்லிய இழைகளாக இழுத்துப் பார்த்தார். இழை மெலிய மெலிய, அதன் பருமனுக்கு ஏற்ற வலிமை கூடிக்கொண்டே போயிற்று. மெல்லிய இழையில் பெரிய கீறலுக்கு இடமில்லை.

இதிலிருந்து ஒரு பாடம் பிறந்தது. கீறலே இல்லாத பீங்கானைச் செய்வது ஏறக்குறைய முடியாத காரியம். ஆகவே, விழுந்த கீறல் ஓடாமல் நிற்பதற்கு வழி தேடவேண்டும்.

வைக்கோலும் மணலும்

அந்த வழி நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது. கிராமத்தில் மண்சுவர் வைக்கிறவர்கள் மண்ணோடு வைக்கோலை நறுக்கிப்போட்டு மிதிப்பார்கள். சுவரில் வெடிப்பு விழுந்தாலும் வைக்கோல் இரு பக்கத்தையும் பிடித்துக்கொண்டிருக்கும். எகிப்தில் இஸ்ரவேலர் செங்கல் செய்தபோதும் வைக்கோல் சேர்த்தே செய்தார்கள். வைக்கோல் கொடுக்கமாட்டேன், ஆனால் கணக்கில் ஒரு செங்கல் குறையக்கூடாது என்று பார்வோன் கட்டளையிட்டதை யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஜனங்கள் தாளடி பொறுக்கத் தேசமெங்கும் அலைந்ததற்குக் காரணம், வைக்கோல் சேராத மண் காயும்போதே வெடித்துவிடும் என்பதுதான்.

குயவர் செய்வது வேறொன்று. அவர் களிமண்ணில் அளவாக மணலைக் கலக்கிறார். களிமண் காயும்போது சுருங்கும், மணல் சுருங்காது. மணல் சேர்ந்த அளவுக்கு மொத்தச் சுருக்கம் குறைகிறது. பானை வெடிக்காமல் காய்கிறது, சூளையிலும் தப்புகிறது.

ஒன்று இழை, மற்றொன்று துகள். இன்றைய உயர்ந்த செராமிக் பொருள்களைச் செய்கிறவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள்.

இழை செய்யும் வேலை

1975ல் ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சேஷி யாஜிமா என்னும் பேராசிரியர், சிலிகானும் கரியும் அடங்கிய ஒருவகைப் பாலிமரை இழையாக இழுத்து, சுட்டு, சிலிகான் கார்பைடு இழை செய்யும் முறையை வெளியிட்டார். ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் ஏறத்தாழ எழுபது இழைகளைப் பக்கம் பக்கமாக அடுக்கிவிடலாம், அவ்வளவு மெல்லியது. சாணைக்கல்லின் அதே பொருள், தறியில் நெய்யக்கூடிய நூலாகிவிட்டது. கரியினாலான இழைகள் அதற்கு முன்னரே இருந்தன.

இந்த நூலைத் துணியாக நெய்து, அடுக்கி, நடுவே உள்ள இடத்தையெல்லாம் செராமிக்கால் நிரப்பினால் இழைவலுவூட்டிய செராமிக் கிடைக்கும். இதில் விரிசல் ஓடி வரும்போது இழையில் முட்டுகிறது. அங்கே இழையை ஒட்டித் திசை திரும்புகிறது. விரிசலின் இரு கரைகளையும் இழைகள் பாலம்போல் பிடித்துக்கொள்கின்றன. இன்னும் இழுத்தால், இழைகள் தங்கள் குழியிலிருந்து உராய்ந்து உராய்ந்து வெளியே வருகின்றன. அந்த உராய்வு உடைக்க வந்த சக்தியைத் தின்றுவிடுகிறது. சட்டென்று உடையவேண்டிய பொருள் முன்கூட்டியே எச்சரித்து மெல்ல மெல்லத் தளர்கிறது.

இங்கே எங்களை வியக்கவைத்த ஒரு செய்தி உண்டு. இழையும் அதைச் சூழ்ந்த செராமிக்கும் மிக இறுக்கமாக ஒட்டிக்கொண்டால் பிரயோஜனமில்லை. விரிசல் இழையையும் சேர்த்து வெட்டிக்கொண்டு போய்விடும். ஆகவே இழையின்மேல் கரி அல்லது போரான் நைட்ரைடு என்னும் வழுக்கலான பொருளை மிக மெல்லிய தோலாகப் பூசுகிறார்கள். பிடிப்பு இருக்கவேண்டும், அவசியமானபோது விட்டுக்கொடுக்கும் பிடிப்பாக இருக்கவேண்டும்.

நடுவே விழும் பொந்துகள்

துணிபோல் நெய்த இழைகளுக்கு நடுவே செராமிக்கை நிரப்புவது எப்படி? ஒரு முறை இப்படி: செராமிக்காக மாறக்கூடிய ஒரு திரவப் பிசினை இழைகளுக்குள் ஊறவைக்கிறார்கள். பிறகு காற்றில்லாத உலையில் ஆயிரம் டிகிரி அளவில் சுடுகிறார்கள். பிசின் செராமிக் ஆகிறது. ஆனால் அப்படி மாறும்போது அது பாதிக்கும் மேல் சுருங்கிப்போகிறது. சுருங்கிய இடமெல்லாம் பொந்தும் வெடிப்பும். மீண்டும் பிசினில் ஊறவைத்து, மீண்டும் சுடவேண்டும். ஆறு முதல் பத்து முறைவரை இப்படிச் செய்வதுண்டு. அதற்குப் பிறகும் சில பொந்துகள் மிஞ்சுகின்றன. அவற்றின் வழியே சூடான காற்று உள்ளே புகுந்து இழைமேல் உள்ள கரித்தோலை எரித்துவிடும். தோல் போனால் இழை வெறுமையாகும். இழை கெட்டால் எல்லாம் கெட்டது.

இந்த இடத்தில்தான் குயவரின் மணல் உதவிக்கு வருகிறது.

துகள்களின் மூன்று வேலைகள்

முதலாவது, நிரப்புதல். பிசினோடு முன்னரே சுட்டுமுடித்த சிலிகான் கார்பைடின் நுண்பொடியைக் கலந்துவிடுகிறார்கள். அந்தப் பொடி இனிச் சுருங்காது. பொடி நிற்கும் இடத்தில் பொந்து விழாது. ஊறவைத்துச் சுடும் தடவைகளும் குறைகின்றன. இன்னொரு வகைப் பொடியும் உண்டு. டைட்டானியம் போன்ற அந்தப் பொடிகள், சுடும்போது பிசினிலிருந்து வரும் கரியோடும் வாயுக்களோடும் சேர்ந்து பருக்கின்றன. பிசின் சுருங்குகிற அளவைப் பொடி பருத்து ஈடுசெய்கிறது.

விமான எஞ்சின்களுக்கான ஒரு முறையில், சிலிகான் கார்பைடு பொடியும் கரிப்பொடியும் கலந்த குழம்பை முதலில் இழைகளுக்கு நடுவே சேர்க்கிறார்கள். பிறகு சிலிகானை உருக்கி விடுகிறார்கள். அது உருகுவதற்கு 1414 டிகிரி செல்சியஸ் வேண்டும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல், உருகிய சிலிகான் பொடிகளுக்கு நடுவே தானாக ஏறிப் பரவுகிறது. போகிற வழியில் கரிப்பொடியோடு சேர்ந்து அதையும் சிலிகான் கார்பைடாக மாற்றிவிடுகிறது. பொந்து மிகக் குறைவு. சிஎஃப்எம் நிறுவனத்தின் லீப் என்னும் எஞ்சினில், சுழலும் டர்பைன் இறகுகளைச் சூழ்ந்த வளையம் இத்தகைய பொருளால் ஆனது. 2016 முதல் அது பயணிகள் விமானங்களில் ஓடுகிறது. உலோகத்தின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். குளிர்விக்கும் காற்றும் குறைவாகப் போதும். நம் நாட்டில் பறக்கும் ஏர்பஸ் ஏ320 நியோ விமானங்கள் பலவற்றில் இந்த எஞ்சின்தான் இருக்கிறது. நம்மில் சிலர் அறியாமலே அதில் பயணம் செய்திருப்போம்.

இரண்டாவது, அடைத்தல். போரான் கார்பைடு என்னும் பொருளைச் சிலவேளை பொடியாகவும், சிலவேளை மெல்லிய அடுக்காகவும் உள்ளே வைக்கிறார்கள். விரிசல் வழியே சூடான காற்று புகுந்தால் முதலில் இதைச் சந்திக்கிறது. ஐந்நூறு அறுநூறு டிகிரி வெப்பத்தில் போரான் கார்பைடு காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து போரான் ஆக்சைடாகிறது. அந்த வெப்பத்தில் அது கெட்டியான பாகுபோல் இருக்கும். விரிசலில் வழிந்து நிரம்பி, காற்று மேலும் உள்ளே போகாதபடி வாயை அடைத்துவிடுகிறது. காயத்தின்மேல் பொருக்கு கட்டுவதுபோல என்று சொல்லலாம். காயத்தை உண்டாக்கிய காற்றைக்கொண்டே பொருக்கு கட்டுகிறது.

மூன்றாவது, நெருக்குதல். இதுவே நம் தாயாரின் உருண்டையில் நடப்பது. அதில் இழைகள் இல்லை. ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்று மேல் அலுமினா. ஏறத்தாழ 17 சதவீதம் சிர்கோனியா என்னும் மற்றொரு செராமிக்கின் துகள்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குக்கும் சிறியவை அவை. சிர்கோனியாவின் படிக உருவங்களில் இரண்டு இங்கே முக்கியமானவை: ஒன்று ஒடுங்கியது, மற்றொன்று விரிந்தது. சூளையிலிருந்து ஆறும்போது அது இயல்பாக விரிந்த உருவுக்கு மாறவேண்டும். ஆனால் சுற்றிலும் அலுமினா இறுக்கிப் பிடித்திருப்பதால் துகள் ஒடுங்கியபடியே இருந்துவிடுகிறது. விரிசல் ஒன்று அருகே வந்தால் அந்தப் பிடி தளர்கிறது. உடனே துகள் நான்கு சதவீதத்துக்கும் சற்று மேல் பருத்து, விரிசலை இரு பக்கமும் நெருக்கி மூடிவிடுகிறது. இந்த உண்மையை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கார்வி, ஹானிங்க், பாஸ்கோ என்னும் மூவர் 1975ல் வெளியிட்டனர். யாஜிமா தம் இழையை அறிவித்ததும் அதே ஆண்டில்தான்.

ஏழு பேர்

இந்த வேலைகளின் அருமை, அவை இல்லாதபோது என்ன நடந்தது என்று பார்க்கும்போது விளங்குகிறது.

அமெரிக்காவின் கொலம்பியா விண்கலம் 2003ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் தேதி புறப்பட்டது. அதில் ஏழு பேர். அவர்களில் ஒருவர், அரியானா மாநிலம் கர்நாலில் பிறந்த கல்பனா சாவ்லா. விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது இறக்கையின் முன்விளிம்பு ஏறத்தாழ 1,650 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். அதைத் தாங்குவதற்காக ஒவ்வொரு இறக்கையிலும் 22 தகடுகள் பதித்திருந்தார்கள். கரியினாலான பொருளில் கரி இழைகளைப் பொதித்துச் செய்த தகடுகள் அவை. மேற்பரப்பு மட்டும் சிலிகான் கார்பைடாக மாற்றப்பட்டிருந்தது. உள்ளே உள்ள கரி, காற்றுப் பட்டால் எரிந்துவிடும். மேல்தோல் முழுமையாக இருக்கும்வரை ஆபத்தில்லை.

புறப்பட்ட 82ஆவது வினாடியில், வெளியே இருந்த எரிபொருள் தொட்டியின்மேல் பூசியிருந்த நுரைப்பொருளில் ஒரு துண்டு பெயர்ந்து இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. அதன் எடை ஒரு கிலோகூட இல்லை. இவ்வளவு மெத்தென்ற பொருள் அந்தக் கடினமான தகட்டை என்ன செய்துவிடும் என்று பலர் எண்ணினார்கள். பிப்ரவரி 1ஆம் தேதி, தரையிறங்க ஏறக்குறைய 16 நிமிடங்களே இருந்தபோது, உடைந்த இடத்தின் வழியே புகுந்த அனற்காற்றினால் இறக்கை உருகி, விண்கலம் வானிலேயே சிதறிப்போயிற்று. ஏழு பேரும் மாண்டார்கள்.

அந்த ஆண்டு ஜூலை 7ஆம் தேதி, விசாரணையின் ஒரு பகுதியாக, அதேபோன்ற தகட்டின்மேல் நுரைத்துண்டைச் சுட்டுப் பார்த்தார்கள். ஏறக்குறைய நாற்பது சென்டிமீட்டர் அகலத்துக்குத் துவாரம் விழுந்தது. கடினத்தை நம்பி இருந்தவர்கள் வாயடைத்துப்போனார்கள். தகட்டைப் பறக்கும்போதே பரிசோதிக்கவும் பழுதுபார்க்கவும் வழி இருக்கவேண்டும் என்று விசாரணைக் குழு சொல்லியது. கொலம்பியாவில் சென்றவர்களிடம் அப்படிப்பட்ட பொருள் எதுவும் இருக்கவில்லை.

அதன்பின் உருவாக்கப்பட்டவற்றில் ஒன்று நோவாக்ஸ் என்னும் கருநிறப் பசை. மேலே நாம் கண்ட முதலாம் வேலையே அது: செராமிக்காக மாறும் பிசின், அதில் கரியும் சிலிகான் கார்பைடும் சேர்ந்த நுண்பொடி. விண்வெளி வீரர் அதைக் கரண்டியால் எடுத்து, கொத்தனார் சுவர் வெடிப்பில் பூசுவதுபோல் விரிசலில் அழுத்திப் பூசவேண்டும். திரும்பி வரும்போது உண்டாகும் அனலே அதைச் சுட்டுச் செராமிக் ஆக்கிவிடும். வெறும் பிசினாக இருந்தால் அந்த அனலில் சுருங்கி வெடித்துப்போகும். பொடி இருப்பதால் நிலைக்கிறது.

2005 ஜூலை 30ஆம் தேதி சோயிச்சி நோகுச்சி, ஸ்டீபன் ராபின்சன் என்னும் இருவர் விண்கலத்துக்கு வெளியே நின்று, வேண்டுமென்றே சேதப்படுத்திய மாதிரித் துண்டுகளின்மேல் பழுதுபார்க்கும் முறைகளைச் சோதித்தார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் பியர்ஸ் செல்லர்ஸ், மைக்கேல் ஃபாசம் இருவரும் மறுபடி சோதித்தார்கள். அப்போது செல்லர்ஸின் கரண்டி ஒன்று கைநழுவி வானவெளியில் மிதந்து போய்விட்டது. கொத்தனாரின் கைக்கரண்டி சாரத்திலிருந்து விழுந்தால் எடுத்துக்கொள்ளலாம். அங்கே அதற்கும் வழியில்லை.

உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும். இந்தப் பசை விரிசலுக்கும் சிறு உரிசலுக்கும்தான். கொலம்பியாவில் விழுந்ததுபோன்ற பெரிய துவாரத்தை அதனால் அடைத்திருக்க முடியாது. 2011ல் விண்கலங்கள் ஓய்வுபெறும்வரை அதை உண்மையான சேதத்தின்மேல் பூசவேண்டிய அவசியமும் நேரவில்லை. ஆயினும் அதற்குப் பின் சென்றவர்கள் வெறுங்கையோடு செல்லவில்லை.

அளவும் பொருத்தமும்

துகள் நல்லது என்றால் நிறையப் போட்டால் என்ன என்று கேட்கலாம். அதற்கும் பதில் கட்டட வேலையிலேயே இருக்கிறது. கான்கிரீட் போடும்போது ஜல்லி பெரிதாக இருந்தால் கம்பிகளுக்கு நடுவே இறங்காமல் மேலேயே தங்கிவிடும். அடியில் பொந்து விழும். பலகையைப் பிரித்த பிறகுதான் தெரியவரும். இங்கும் அப்படியே. இழைக்கும் இழைக்கும் நடுவே உள்ள சந்து மிகக் குறுகியது. பொடி பருத்திருந்தால் வெளிப்புற இழைகள் வடிகட்டும் துணிபோல் அதைத் தடுத்துவிடும். மேலே பொடி, உள்ளே பொந்து.

சரி, இன்னும் மெல்லியதாக அரைக்கலாமே என்றால், மிக நுண்ணிய பொடி மாவுபோல் கட்டி தட்டிக்கொள்ளும். அந்தக் கட்டி ஒவ்வொன்றும் ஒரு புதிய கீறலுக்கு ஆரம்பமாகும். அளவு மிஞ்சினால் பிசின் கூழாகி, உள்ளே ஊறாமல் நின்றுவிடும். கூர்மையான துகள்கள் இழையின் மெல்லிய தோலைச் சிராய்த்துவிடும் அபாயமும் உண்டு. போரான் தரும் பாகுக்கும் எல்லை இருக்கிறது. ஆயிரம் டிகிரிக்கு மேல், நீராவியும் இருந்தால், அது ஆவியாகப் போய்விடுகிறது.

இடுப்பு மூட்டின் வரலாறும் இதையே சொல்கிறது. பிரான்சில் பியர் பூட்டான் என்னும் மருத்துவர் 1970ல் அலுமினா மூட்டைப் பொருத்தத் தொடங்கினார். அந்தக் காலத்து அலுமினா சிலருக்கு உடைந்தது. பிறகு, அலுமினாவைவிட உறுதியானது என்று முழுக்க முழுக்கச் சிர்கோனியாவாலேயே உருண்டை செய்தார்கள். சூளையில் சுடும் முறை மாற்றப்பட்ட சில தொகுதிகளில், 2001 வாக்கில், குறுகிய காலத்துக்குள் ஏறத்தாழ நானூறு உருண்டைகள் உடைந்தன. அத்தனை பேரும் மீண்டும் அறுவை மேசையில் படுக்கவேண்டியதாயிற்று. முழு உருண்டையாக இருந்தபோது ஏமாற்றிய அதே சிர்கோனியாதான், அலுமினாவுக்குள் அளவான துகளாகச் சிதறி நிற்கும்போது காவலாக இருக்கிறது. இன்று கலவை உருண்டைகள் உடைவது மிக அரிது. ஒருபோதும் உடையாது என்று மருத்துவர் யாரும் எழுதிக் கொடுக்கமாட்டார்.

தாயாருக்குச் சொன்ன பதில்

அறுவை சிகிச்சைக்குப் பிறகு அந்தத் தாயாரைப் பார்க்கச் சென்றபோது, படித்ததை அவருக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தோம். படிக உருவங்களும் சதவீதங்களும் அவருக்கு எதற்கு? "அம்மா, உங்கள் ஊரில் பானை செய்கிறவர் களிமண்ணில் மணல் கலப்பாரே, பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டோம்.

"பார்க்காமலா? எங்க வீட்டுக்குப் பின்னாலதான் குயவர் தெரு. மணல் குறைஞ்சா பானை வெடிக்கும், கூடினா உதிரும்."

"உங்கள் உருண்டையிலும் அப்படி ஒரு மணல் இருக்கிறது அம்மா. விரிசல் வந்தால் அது பருத்து வழியை மறித்துவிடும்."

அவர் சற்று நேரம் யோசித்தார். பிறகு, "அளவாப் போட்டிருப்பாங்களா, ஐயா?" என்று கேட்டார்.

எங்களுக்கு வியப்பாக இருந்தது. பல பக்கங்கள் படித்து நாங்கள் கடைசியில் வந்து சேர்ந்த கேள்வி அது. அவர் குயவர் தெருவிலிருந்தே அதை எடுத்துவிட்டார். அளவாகத்தான் போட்டிருக்கிறார்கள் என்றும், அந்த அளவைக் கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் ஆயின என்றும் சொன்னோம். அதன் நிறம் வெள்ளைகூட இல்லை, இளஞ்சிவப்பு என்று சொன்னபோது சிரித்துவிட்டார். குரோமியம் சிறிதளவு சேர்ப்பதால் வரும் நிறம் அது.

சென்ற வாரம் பரிசோதனைக்காக வந்திருந்தார். கையில் ஊன்றுகோல் இருந்தது. ஆனால் அதை ஊன்றுவதைக் காட்டிலும் வீசிக்கொண்டுதான் நடந்தார். ஜெபித்து முடித்ததும் இடுப்பைத் தட்டிக் காண்பித்து, "மணல் சரியாத்தான் இருக்கு, ஐயா" என்று சொல்லிவிட்டுப் பேருந்து நிறுத்தத்தை நோக்கிப் போனார்.